எலோத்தே: மயோனைஸ் பூசிய மக்காச்சோளம்

மெக்சிகோவின் தெருவோர வண்டிகளில் எலோத்தே கேட்டால், வேகவைத்த அல்லது கரியில் சுட்ட மக்காச்சோளக் கதிரைக் குச்சியில் செருகி, மயோனைஸை வழியப் பூசி, உதிர்த்த சீஸில் புரட்டி, மிளகாய்த்தூள் தூவி, எலுமிச்சை பிழிந்து தருவார்கள். சோளத்தில் போய் மயோனைஸா என்று தயங்குகிறவர்கள் உண்டு. அதை விட்டுவிட்டால் எலோத்தேயே கிடையாது. மற்றதெல்லாம் அதைப் பற்றிக்கொண்டுதான் கதிரில் நிற்கிறது.

சோள மணியின் தோல் வழுவழுப்பானது. வெறும் கதிரில் தூவிய பொடி பாதி உதிர்ந்துவிடும், சாறு வழிந்தோடும். மயோனைஸோ, மிகச் சிறிய எண்ணெய்த் துளிகள் கொஞ்சம் நீரில் நெருக்கியடித்து நிற்கும் பால்மம். துளிகள் ஒன்றோடொன்று கலந்துவிடாமல் மஞ்சள்கருவின் லெசித்தினும் புரதங்களும் ஒவ்வொன்றையும் சுற்றி உறைபோல நிற்கின்றன. அந்த நெருக்கத்தால்தான் அது எண்ணெயைப்போல ஓடாமல் மணிகளின் இடுக்கில் தங்குகிறது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசினும் நீரில் அநேகமாகக் கரையாது, கொழுப்பில் கரையும். அதனால் காரம் ஓரிடத்தில் சுருக்கென்று குத்தாமல் பரவி, வாயில் மெல்ல ஏறுகிறது.

மெக்சிகோவில் இதற்குப் பெரும்பாலும் எடுப்பது மாவுச்சத்து மிகுந்த வெள்ளைச் சோளம். ஸ்வீட் கார்ன் அளவுக்கு இனிக்காது, நன்றாக மெல்ல வேண்டியிருக்கும். இத்தனை புளிப்பையும் காரத்தையும் கொழுப்பையும் தாங்க அந்த அழுத்தம்தான் சரி. ஆகவே நாட்டு மக்காச்சோளம் கிடைத்தால் அதையே வாங்குங்கள். நகத்தால் கீறினால் பால் வர வேண்டும். முற்றிவிட்டால் கடிக்க முடியாது. ஸ்வீட் கார்ன் என்றால் வாங்கிய அன்றே சமைத்துவிடுங்கள். பறித்த பின்னும் அதன் சர்க்கரை குறைந்துகொண்டே போகும், வெக்கையில் இன்னும் வேகமாக.

இந்தப் பயிர் பிறந்ததே அங்கேதான். தென்மேற்கு மெக்சிகோவின் பால்சாஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில், தியோசிந்தே என்ற காட்டுப்புல்லிலிருந்து சுமார் 9,000 ஆண்டுகளுக்கு முன் மனிதர்கள் விதை தேர்ந்து தேர்ந்து இதை வளர்த்தெடுத்தார்கள். கல்போன்ற ஓட்டுக்குள் ஒருசில மணிகளே கொண்ட புல் அது. அதிலிருந்து இவ்வளவு பெரிய கதிர் வந்தது உழவின் மாபெரும் சாதனைகளில் ஒன்று. மிளகாயும் அந்த மண்ணின் செடிதான். பால்மாடும் எலுமிச்சையும் ஸ்பானியர் வந்த பிறகு வந்தவை.

தண்ணீரில் வேகும் கதிர் 100 டிகிரியைத் தாண்டாது. பொன்னிறமும் சுட்ட மணமும் தரும் வேதிவினை விறுவிறுப்பாக நடக்க ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும். மட்டையும் நாரும் நீக்கி, ஈரம் துடைத்து, கரி அடுப்பிலோ கேஸ் அடுப்பின்மேல் கம்பிவலை வைத்தோ 10–12 நிமிடம் திருப்பித் திருப்பிச் சுடுங்கள். இறக்கியதும் ஒரு நிமிடம் ஆறவிடுங்கள். கொதிக்கும் சூட்டில் பூசினால் மயோனைஸ் திரிந்து எண்ணெய் பிரிந்துவிடும்.

நான்கு கதிருக்கு 4 மேசைக்கரண்டி மயோனைஸும், அங்கே சேர்க்கும் புளித்த கிரீமுக்குப் பதில் தண்ணீர் வடித்த கெட்டித் தயிர் 2 மேசைக்கரண்டியும் போதும். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுத் தடை விதித்தது. கிருமி பயம் அப்படி. முட்டையில்லாமலே செய்யலாம். கால் கப் குளிர்ந்த பாலையும் அரை கப் வாசனையற்ற எண்ணெயையும் உப்புடன் ஹேண்ட் பிளெண்டரில் அடித்து, ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு விட்டால் இறுகிவிடும். மஞ்சள்கருவின் வேலையைப் பாலின் புரதம் பார்த்துக்கொள்கிறது.

சீஸுக்கு அங்கே கொத்தீஹா. மிச்சோவகான் மாநிலத்து ஊரின் பெயர் கொண்ட அது உப்புக் கரிக்கும், சூட்டில் உருகி ஓடாமல் உதிரும். ஃபெட்டா அதற்கு நெருக்கம். பன்னீரைத் துருவி உப்புப் பிசறியும் போடலாம், முதிர்ந்த சீஸின் நெடி மட்டும் வராது. எலுமிச்சையைக் கடைசியில் பிழியுங்கள். முதலில் பிழிந்தால் ஈரத்தில் பூச்சு வழுக்கிவிடும்.

கடித்துத் தின்ன முடியாதவர்களுக்கு மணிகளைச் சீவி வெண்ணெயில் வதக்கி, இதே கலவையைக் கோப்பையில் சேர்த்துக் கொடுங்கள். அங்கே அதற்கு எஸ்கீத்தெஸ் என்று பெயர். எப்பசோத்தே என்ற காட்டமான கீரையைப் போட்டு மணிகளை வேகவைப்பார்கள். அதற்குப் பதில் கொத்தமல்லி போட்டால் அந்த மணத்துக்கு ஈடாகாது, ஆனாலும் சுவையாகவே இருக்கும்.