எப்போது கை வைப்பது, எப்போது விடுவது?

ஓசூர் சிப்காட் பட்டறை ஒன்றில் ஒரு சி.என்.சி. லேத் 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஷாஃப்ட்களைக் கடைந்து தள்ளுகிறது என்று வைத்துக்கொள்வோம். டிராயிங்கில் உள்ள டாலரன்ஸ் கூடுதலாகவும் குறைவாகவும் 20 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. இப்போது வந்த ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் வைத்துப் பார்த்தால் 8 மைக்ரான் கூடுதல். எல்லைக்குள்தான் இருக்கிறது. ஆனாலும் புதிதாகச் சேர்ந்த, பொறுப்பான ஆபரேட்டருக்கு மனம் கேட்காது. எந்திரத்தில் வெட்டும் அளவைத் திருத்தும் ஆஃப்செட்டில் 8 மைக்ரானைக் குறைப்பார். அடுத்தது 10 மைக்ரான் குறைந்து வரும். மறுபடி கூட்டுவார். ஷிப்ட் முடிகிறவரை அவர் கை ஓயாது. ரிஜெக்ஷன் பெட்டியும் நிறைந்துகொண்டே வரும்.

அவரிடம் அக்கறைக்குக் குறைவில்லை. ஆனால் எந்த எந்திரமும் ஒரே அளவை இருமுறை தருவதில்லை என்ற அடிப்படைப் பாடத்தை யாரும் அவருக்குச் சொல்லித் தரவில்லை. கம்பியின் கடினம், கூலன்ட்டின் ஓட்டம், தாங்கிகளின் நுண்ணிய அதிர்வு என்று நூறு சில்லறைக் காரணங்கள் சேர்ந்து அளவை இப்படியும் அப்படியும் அசைக்கின்றன. அந்த அசைவுக்கெல்லாம் பதில் சொல்லப் போனால் அசைவு இன்னும் கூடும்.

இது கணக்கில் நிரூபிக்கக்கூடிய விஷயம். அளவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பதைச் சொல்லும் திட்ட விலக்கம் எந்திரத்தின் இயல்பில் 6 மைக்ரான் என்றால், அதன் மூன்று மடங்கான 18 மைக்ரானுக்குள் ஏறக்குறைய எல்லா ஷாஃப்டும் அடங்கிவிடும். 20 மைக்ரான் எல்லையைத் தாண்டித் தேறாமல் போவது ஆயிரத்துக்கு ஒன்றுகூட இருக்காது. ஒவ்வொரு துண்டுக்கும் பிறகு ஆஃப்செட்டைத் திருத்தினால் விலக்கம் 1.41 மடங்காகி 8.5 மைக்ரானைத் தொடும். அப்போது நூற்றுக்கு ஏறத்தாழ 2 ஷாஃப்ட் எல்லையைத் தாண்டும். சும்மா இருந்திருந்தால் நல்லதாக வந்திருக்க வேண்டிய சரக்கு அது.

இந்த அறிவின் வேர் 1924ஆம் ஆண்டில் இருக்கிறது. அமெரிக்காவில் தொலைபேசிக் கருவிகள் செய்த வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்த இயற்பியலாளர் வால்டர் ஷூஹார்ட், அந்த ஆண்டு மே மாதம் தன் மேலதிகாரிக்குச் சிறு குறிப்பு ஒன்றை அனுப்பினார். அதிலிருந்த வரைபடத்தைத்தான் இன்று கண்ட்ரோல் சார்ட் என்கிறார்கள். நடுவில் சராசரிக் கோடு, மேலும் கீழும் மூன்று திட்ட விலக்கத் தொலைவில் எல்லைக் கோடுகள். புள்ளிகள் கோடுகளுக்குள் தாறுமாறாக விழுந்தால் அது எந்திரத்தின் இயல்பு, பொதுக் காரணங்களின் வேலை. ஒரு புள்ளி கோட்டைத் தாண்டினாலோ, தொடர்ந்து 8 புள்ளிகள் சராசரிக்கு ஒரே பக்கம் விழுந்தாலோ அங்கே ஏதோ ஒரு தனிக் காரணம் நுழைந்திருக்கிறது என்று பொருள். அதைத் தேடிப் பிடித்தாக வேண்டும்.

கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. மார்கழிக் காலையில் குளிர்ந்து கிடக்கும் ஷாஃப்டை அளப்பதற்கும், உச்சி வேளையில் 10 டிகிரி கூடியபின் அளப்பதற்கும் 25 மில்லிமீட்டர் எஃகில் ஏறத்தாழ 3 மைக்ரான் வித்தியாசம் வரும். வெட்டும் இன்சர்ட் தேயத் தேய ஷாஃப்டின் விட்டம் மெல்ல மெல்ல ஏறும். இரண்டையும் சார்ட் காட்டிக்கொடுத்துவிடும். இன்சர்ட் தேய்மானத்துக்கு ஆஃப்செட் கொடுப்பதே சரி. சில்லறை அசைவுக்குக் கொடுப்பதுதான் தவறு.

ஷூஹார்ட்டின் பாடம் இந்தியாவுக்குச் சீக்கிரமே வந்தது. 1947–48இல், பிரசாந்த சந்திர மஹலனோபிஸ் நடத்திவந்த இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அழைப்பில் அவரே இங்கே வந்துபோனார். அவருடைய கருத்தை வளர்த்தெடுத்த எட்வர்ட்ஸ் டெமிங் 1950இல் ஜப்பானியப் பொறியாளர்களுக்கு வகுப்பெடுத்தார். அவர் பெயரில் ஜப்பான் 1951 முதல் தரத்துக்கான விருது வழங்குகிறது. 1998இல் அந்த விருதை இந்தியாவுக்கு முதலில் கொண்டுவந்தது சென்னை பாடியின் சுந்தரம் கிளேட்டன். 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 மொபெட்டை வெளியிட்ட குழுமத்தின் டிவிஎஸ் மோட்டார் அதை 2002இல் பெற்றது. அசோக் லேலண்டின் ஓசூர் இரண்டாவது ஆலைக்கு 2017இல் கிடைத்தது.

டெமிங் தன் வகுப்புகளில் ஒரு விளையாட்டு நடத்துவார். பெட்டியில் 3,200 வெள்ளை மணிகள், 800 சிவப்பு மணிகள். 50 குழிகள் உள்ள துடுப்பை உள்ளே விட்டு, ஆறு பேர் முறை வைத்து மணிகளை அள்ள வேண்டும். சிவப்பு மணி என்றால் ரிஜெக்ஷன். குறைவாக எடுத்தவருக்குப் பாராட்டு, அதிகம் எடுத்தவருக்கு எச்சரிக்கை, கடைசியில் சிலருக்கு வேலை போகும். சபை சிரிக்கும். ஐந்தில் ஒரு பங்கு சிவப்பு இருக்கும் பெட்டியில் சராசரியாக 10 சிவப்பு வரத்தான் செய்யும். 2 முதல் 18 வரை எது வந்தாலும் அள்ளியவர் கையில் எதுவும் இல்லை. கோளாறுகளில் 94 சதவீதம் அமைப்பைச் சேர்ந்தவை, 6 சதவீதமே தனிக் காரணங்கள் என்று தன் அனுபவத்திலிருந்து மதிப்பிட்டார் டெமிங்.

ஆகவே “எந்திரத்தைத் தொடாதே” என்பது சோம்பலுக்கான அனுமதிச் சீட்டு அல்ல. புள்ளிகள் கோட்டுக்குள் நின்றும் ரிஜெக்ஷன் அதிகமென்றால், வாங்கும் கம்பி, பழைய எந்திரம், வேலை செய்யும் முறை ஆகியவற்றை மாற்ற வேண்டும். அந்த அதிகாரம் ஆபரேட்டரிடம் இல்லை, நிர்வாகத்திடம் இருக்கிறது. இந்தப் பாகுபாடு தெரியாத சூப்பர்வைசர் ஆளை மாற்றிக்கொண்டே இருப்பார். பெட்டி அப்படியே இருக்கும்.

பட்டறைக்கு வெளியேயும் இதே தவறு நடக்கிறது. வீட்டில் ரத்த அழுத்தம் பார்ப்பவருக்கு நேற்று 128, இன்று 136. உடனே மாத்திரையைக் கூட்டலாமா என்று கேட்கிறார். பல நாள் அளவுகளை எழுதிவைத்துக் காட்டச் சொல்லி மருத்துவர்கள் கேட்பது இந்த ஏற்ற இறக்கத்தை மனத்தில் வைத்துத்தான். மாதத் தேர்வில் 5 மதிப்பெண் குறைந்ததற்கு டியூஷனை மாற்றும் பெற்றோரும், ஒரு டேங்க் பெட்ரோலுக்கு மைலேஜ் குறைந்ததும் மெக்கானிக்கிடம் ஓடும் வண்டிக்காரரும் ஆஃப்செட்டைத் திருகும் ஆபரேட்டரின் உறவினர்களே.

திட்டினால்தான் வேலை நடக்கும் என்ற நம்பிக்கைக்கும் இங்கேதான் வேர். இஸ்ரேல் விமானப்படையின் பயிற்றுநர் ஒருவர், பாராட்டினால் மாணவர்கள் அடுத்த முறை மோசமாக ஓட்டுகிறார்கள், திட்டினால் நன்றாக ஓட்டுகிறார்கள் என்று உளவியலாளர் டேனியல் கானமனிடம் வாதிட்டார். கானமன் வேறு காரணத்தைக் கண்டார். அசாதாரணமாக நன்றாக ஓட்டியவர் அடுத்த முறை தன் சராசரிப் பக்கம் இறங்குவார். மிக மோசமாக ஓட்டியவர் ஏறுவார். பாராட்டும் திட்டும் அந்த ஏற்ற இறக்கத்தோடு தற்செயலாகச் சேர்ந்துகொண்டவை.

கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் இதற்கு வேறொரு வடிவம் உண்டு. அல்போன்சா போன்ற ரகங்கள் ஓர் ஆண்டு கொட்டிக் காய்த்தால் மறு ஆண்டு ஓய்ந்துவிடும். காய்ப்பு குறைந்த ஆண்டில் யாரோ சொன்ன டானிக்கை வாங்கித் தெளித்தவருக்கு மறு ஆண்டு மரம் வளையக் காய்க்கும், டானிக்குக்குப் பெயர் கிடைக்கும். தெளிக்காமலே இருந்திருந்தாலும் அந்த ஆண்டு காய்த்திருக்கும் மரம் அது. டானிக்கின் உண்மையான பலனை அறிய, அதே ஆண்டில், அதே தோப்பில் சில மரங்களுக்குத் தெளித்துச் சிலவற்றை அப்படியே விட்டு ஒப்பிட வேண்டும். எவற்றுக்குத் தெளிப்பது என்பதையும் விவசாயி தன் விருப்பத்துக்குத் தேர்ந்தெடுக்கக் கூடாது. செழிப்பான மரங்களையே கை தேடிப்போகும். வேளாண் ஆராய்ச்சி நிலையங்களில் பாத்திகளைப் பிரித்ததும் எதற்கு எந்த உரம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்வது இதனால்தான்.