வினாவுதலும் விடையிறுத்தலும்

"ஐயமுடையவர் கேளுங்கள்" என ஆசிரியர் பாடமுடிவிற் கூறுவதும், அது கேட்ட வகுப்பு முழுவதும் வாய்மூடி இருப்பதும் நம் பாடசாலைகளில் நாடோறும் காணும் காட்சியாகும். அம்மௌனத்தைத் தெளிவின் அடையாளமெனக் கொண்டு ஆசிரியர் அடுத்த பாடத்திற்குச் செல்கின்றார். தவணைப் பரீட்சை வந்தபின்னரே அது தெளிவன்று, அச்சமும் நாணமும் கலந்ததொரு மூடாக்கு என்பது புலனாகின்றது. கேட்கத் தெரியாமையால் மாணாக்கர் இழப்பது எவ்வளவு, கேட்டவர்க்கு விடைகூறத் தெரியாமையால் ஆசிரியராகிய நாம் இழக்கச் செய்வது எவ்வளவு என்பவற்றைச் சிந்தித்தல் வேண்டும். நல்ல வினா எத்தகையது, அதற்குப் பயன்படும் விடை எத்தகையது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வினாவும் விடையும் மொழியின் தலையாய தொழில்கள் என்பதை நம் முன்னோர் நன்குணர்ந்திருந்தனர். தொல்காப்பியர் சொல்லதிகாரத்தின் முதலியலாகிய கிளவியாக்கத்திலேயே வினாவையும் செப்பையும் வழுவாமற் காக்கவேண்டுமென விதித்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டிற் சீயகங்கனது வேண்டுகோளின்படி நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர், வினாவை ஆறு வகையாகவும் விடையை எட்டு வகையாகவும் பகுத்தார். அம்மட்டோ! பொதுப்பாயிரத்திற் பாடங்கேட்கும் முறையைக் கூறுமிடத்து, ஆசிரியன் உரைத்ததை மாணாக்கன் முற்றக் கொண்டானாயினும் அவன் பெறுவது புலமையிற் காற்கூறே என்றும், உடன்கற்போரோடு பயிலுதலால் மற்றொரு காற்கூறும், தான் பிறர்க்கு உரைத்தலால் எஞ்சிய அரைக்கூறும் நிரம்பும் என்றும் அவர் கணக்கிட்டுக் காட்டினார். ஆகவே, கல்வியின் முக்காற் பங்கு ஒருவரையொருவர் வினாவியும் ஒருவர்க்கொருவர் விடையிறுத்தும் வாழும் ஒரு கூட்டத்தினிடத்தே உள்ளது என்பது போதரும்.

அக்கூட்டம் முற்காலத்தில் ஒரு திண்ணையில் அடங்கிற்று. இன்றோ அதற்கு எல்லையில்லை. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் கொரோனா நோய் காரணமாக இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டபொழுது, யானும் என்போன்ற ஆசிரியர் பலரும் கைத்தொலைபேசிக் குழுக்களின் வழியாகவே பாடஞ் சொல்ல நேர்ந்தது. வகுப்பறையில் ஒரு மாணாக்கன் "விளங்கவில்லை" என்றால், அவன் முகத்தையும் கொப்பியையும் நோக்கி எங்கே இடறினான் என அறிந்துகொள்ளலாம். முகங் காணாத இணையவழிக் கல்வியிலோ எழுதிய சொல்லொன்றே சான்று. அக்காலத்தில் ஒரு நாள் எனக்கு இரு செய்திகள் வந்தன. ஒன்று, "சேர், புணர்ச்சி விளங்கவில்லை" என்பது. மற்றையது வருமாறு: "சேர், பொன்னும் குடமும் புணர்ந்து பொற்குடம் ஆவதும், பொன்னும் மணியும் புணர்ந்து பொன்மணி என இயல்பாவதும் அறிவேன். னகரமெய் வல்லினத்தின் முன்னே றகரமாகும் என்றால், அவன் என்பதும் கை என்பதும் புணருங்கால் அவற்கை என ஆகாமை ஏன்? அவன் என்பது உயர்திணைப் பெயராதலாலா? சுட்டுப்பெயராதலாலா?"

முதலாவதற்கு யான் என்ன விடை கூறுவேன்? எழுத்ததிகாரத்திற் பல இயல்களை மீண்டும் நடத்தல் வேண்டும். நடத்தினும், அவன் இடறிய கல் எதுவென அறியேன். இரண்டாவதற்கோ ஒரு வரி போதியதாயிற்று. "அரசன் என்பது சுட்டுப்பெயரன்று, அரசனும் கையும் புணர்ந்தால் எவ்வாறாகும்?" என எழுதினேன். சற்றுநேரத்தில், "அரசன்கை என்றே ஆகும், ஆகவே காரணம் உயர்திணை" என அம்மாணாக்கி தானே விடைகண்டு எழுதினாள். உயர்திணைப் பெயர்க்கும் பொதுப்பெயர்க்கும் ஈற்றுமெய் வல்லினம் வரின் இயல்பாகும் என்னும் விதியை அதன்பின் யான் காட்டியபொழுது, அது அவளுக்கு மனனஞ்செய்யும் பாரமாக இருந்திராது. தான் கண்ட உண்மைக்கு நூல் தரும் உறுதியாகவே இருந்திருக்கும்.

இவ்விரு வினாக்களுக்கும் உள்ள வேற்றுமையை நன்னூலார் வகுத்த பாகுபாடே விளக்கும். அறிவு வினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா என்பன அவ்வாறு வகையாம். விடையறிந்த ஆசிரியன் மாணாக்கனைச் சோதிக்க வினாவுவது அறிவு வினா. அறியாத மாணாக்கன் அறிதற்பொருட்டு வினாவுவது அறியா வினா. "இவ்வுகரம் குற்றியலுகரமோ, முற்றியலுகரமோ?" என இரண்டிடையே தடுமாறி வினாவுவது ஐய வினா. "அகராதி இருக்கிறதா?" எனப் புத்தகக்கடையிற் கேட்டால் அது கொளல் வினா, அதே தொடரைப் பழைய மாணவரொருவர் வறிய சிறுவனிடம் தாம் ஒன்று கொடுக்கக் கருதிக் கேட்டால் கொடை வினா. "அப்பியாசஞ் செய்தாயா?" என்பது செய் என்னும் குறிப்பினதாயின் ஏவல் வினா. சொல் ஒன்றாயினும் நோக்கம் வேறாயின் வினாவும் வேறாகும், விடையும் வேறாகும். ஆதலின், நோக்கத்தை மறைத்துக் கேட்பவன் பயனற்ற விடையைப் பெறுவது அவன் குற்றமேயன்றி விடைகூறியவர் குற்றமாகாது.

இவற்றுள் மாணாக்கர்க்கு உரியன அறியா வினாவும் ஐய வினாவுமே. "புணர்ச்சி விளங்கவில்லை" என்றது அறியா வினாவின் பாற்படும். "உயர்திணையாதலாலா, சுட்டாதலாலா?" என்றது ஐய வினா. அறியாமையிலிருந்து ஐயத்திற்கு வருதலே அறிவின் முதற்படியாம். ஒன்றும் அறியாதவனுக்கு ஐயம் பிறவாது. ஓரளவு நடந்து, வழி இரண்டாகப் பிரியும் சந்தியில் நிற்பவனுக்கே எவ்வழி செல்வதென்னும் ஐயம் உண்டாகும். ஆகவே மாணாக்கர்க்கு யான் கூறும் நெறி ஒன்றே: பிறரிடம் கேட்குமுன் உங்கள் அறியா வினாவை உங்களால் இயன்ற அளவு ஐய வினாவாக மாற்றிக்கொள்ளுங்கள்.

அவ்வாறு மாற்றும் முறை யாதெனின், கூறுவாம். முதலாவது, பாடநூலிலும் குறிப்பிலும் அகராதியிலும் விடை உளதோவெனத் தேடுக. இரண்டாவது, ஐயமில்லாமல் அறிந்தது எது என்பதை எழுதுக. மூன்றாவது, தானே முயன்று பார்த்ததையும் அதனால் வந்த முடிபையும் மறையாது எழுதுக. பிழையான முயற்சியே விடைகூறுவோனுக்கு நோயின் குறி காட்டும். நான்காவது, முயற்சி நின்றுபோன இடத்தைச் சுட்டுக. நூலும் பக்கமும் கணக்கின் இலக்கமும் தருக. இவ்வாறு எழுதத் தொடங்கிய பலர், எழுதி முடிக்குமுன்னரே விடை தமக்குத் தோன்றிற்று என்பர். அது வியப்பன்று, வினாவை ஒழுங்குபடுத்துவதே சிந்தனையை ஒழுங்குபடுத்துவதாம்.

பல ஐயங்கள் ஒருங்கே எழுந்தால் அவற்றைப் பிரித்து நிரற்படுத்தல் வேண்டும். சைவசித்தாந்த சாத்திரம் பதினான்கனுள் ஒன்றாகிய உண்மை விளக்கம் இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு. திருவதிகை மனவாசகங்கடந்தார் இயற்றிய அந்நூலில் மாணாக்கர், "மெய்ப்பொருளை எனக்கு விளக்குக" எனப் பொதுப்படக் கேட்டு அமையவில்லை. தத்துவம் முப்பத்தாறு எவை, ஆணவம் யாது, வினை யாது, யான் யார், நீ யார், இறைவன் நடனம் யாது, ஐந்தெழுத்து யாது எனத் தனித்தனியே வினாவுகின்றார். ஆசிரியரின் விடைகளும் அவ்வினாக்களைத் தொடர்ந்தே செல்கின்றன. வினாவின் ஒழுங்கே நூலின் ஒழுங்காயிற்று.

இந்நெறியை யான் ஏட்டிலிருந்து மட்டும் கற்றேனல்லேன், இடர்ப்பாடும் கற்பித்தது. வெளிவாரி மாணவனாகப் பட்டப்படிப்புப் படித்தவன் யான். விரிவுரை கேட்கும் பேறும், உடன்கற்போர் கூட்டமும் எனக்கு வாய்த்தில. 2006ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் ஏ-9 வீதி மூடப்பட்டுக் குடாநாட்டிற்கும் தென்பகுதிக்கும் தரைவழிப் போக்குவரவு அற்றபின், கொழும்பிலிருந்த மூத்த மாணவரொருவருக்கு மடல் எழுதியே ஐயந் தீர்த்துக்கொள்ள முயன்றேன். விடைவர வாரங்கள் சென்றன. யான் எழுதிய முதன் மடல், "அணியிலக்கணம் கடினமாக உளது, உதவுக" என்பது. நெடுநாட்காத்திருந்து பெற்ற விடை, "எவ்வணி? எவ்விடம்?" என்னும் இரு சொற்றொடரே. அதைக் கையில் வைத்துக்கொண்டு முதலிற் சினந்தேன், பின்னர் வெட்கினேன். அடுத்த மடல் எழுத எனக்கு மூன்று இரவு சென்றது. ஆயின் அதிற் கேட்க நினைத்த எட்டு வினாக்களுள் ஐந்துக்கு அம்மூன்று இரவிலேயே விடை கண்டேன். நொடிப்பொழுதில் விடைவரும் இக்காலத்து மாணாக்கர், அம்மடலுக்குச் செலவிட்ட கருத்தில் ஒரு சிறுபகுதியையேனும் தம் வினாவுக்குச் செலவிடுவாராயின் பெரும்பயன் எய்துவர்.

இனி விடையைப் பற்றிக் கூறுவாம். சுட்டு, மறை, நேர், ஏவல், வினாதல், உற்றதுரைத்தல், உறுவது கூறல், இனமொழி என விடை எட்டாம். "சந்தியிலக்கணம் எந்நூலில் உளது?" என்பதற்கு "இந்நூலில்" என்பது சுட்டு. "இப்பாடத்தை எனக்கு விளக்குவாயா?" என நண்பனைக் கேட்க, "விளக்கேன்" என்பது மறை, "விளக்குவேன்" என்பது நேர், "நீயே படித்துப்பார்" என்பது ஏவல், "விளக்காதிருப்பேனா?" என்பது வினாதல், "தொண்டை கட்டிவிட்டது" என்பது உற்றதுரைத்தல், "தொண்டை கட்டும்" என்பது உறுவது கூறல், "எழுதித் தருவேன்" என்பது இனமொழி. முதல் மூன்றும் நேர்விடைகள். ஏனைய ஐந்தும் குறிப்பால் விடையாவன. "நீயே படித்துப்பார்" என்பது ஒருவனுக்குத் தக்க வழிகாட்டலாகவும் மற்றொருவனுக்குப் புறக்கணிப்பாகவும் முடியும். முயன்று களைத்து வந்தவனை மீண்டும் ஏவுதல் கொடுமை. முயலாது வந்தவனுக்கு முழுவிடையையும் ஊட்டுதல் அவன் கல்விக்குச் செய்யும் தீமை. எவனுக்கு எவ்விடை தகும் என அறிதலே விடைகூறுவோன் கடமையாம்.

தான் அறியாததை அறியேன் எனக் கூறுதலும் விடையே. பிரசின உபநிடதத்தில் ஆறு மாணாக்கர் சமித்தைக் கையிலேந்திப் பிப்பலாத முனிவரை அடைகின்றனர். ஓராண்டு தம்முடன் நோன்பிருந்து பின்னர் விரும்பியதைக் கேட்குமாறும், தாம் அறிந்தால் யாவும் உரைப்பதாகவும் அவர் கூறுகின்றார். "அறிந்தால்" என அம்முனிவரே வரையறுத்தமை கருதத்தக்கது. அவ்வறுவருள் ஒருவராகிய சுகேசர் இறுதி வினாவை எழுப்புமுன், கோசலநாட்டு அரசகுமாரன் ஒருவன் முன்பு தம்மைப் பதினாறு கலையுடைய புருடனைப்பற்றிக் கேட்டதையும், தாம் அறியேன் என ஒளியாது கூறியதையும் எடுத்துரைக்கின்றார். அறிந்தவர்போல் ஏதேனும் கூறி அவனை அனுப்பியிருந்தால் அவ்வினா அங்கேயே மாண்டிருக்கும். அறியேன் என்றமையால் அது சுகேசரின் வினாவாகி, முனிவரிடம் சென்று, விடைபெற்று, இன்றும் நம்மால் ஓதப்படுகின்றது.

ஈண்டு என் பிழையொன்றையும் கூறாது விடுதல் நேர்மையன்று. ஆசிரியத் தொழிலின் தொடக்கத்தில், யான் சற்றுமுன் விளக்கிய ஒன்றையே ஒரு சிறுவன் எழுந்து கேட்டான். "இவ்வளவு நேரமும் எங்கே இருந்தாய்?" என்றேன். வகுப்புச் சிரித்தது, அவன் அமர்ந்தான். அவ்வாண்டு முழுவதும் அவன் மீண்டும் ஒரு வினாவும் கேட்டிலன். தவணைப் பரீட்சை விடைத்தாள்களைத் திருத்தியபொழுது, வகுப்பிற் பாதிக்கு மேற்பட்டோர் அவன் கேட்ட அவ்விடத்திலேயே பிழைத்திருக்கக் கண்டேன். அவன் வினா அவன் ஒருவனது வினா அன்று. எழ அஞ்சிய பலர்க்காக அவன் எழுந்தான். ஒருவன் வாயை அடைத்து யான் ஒரு வகுப்பின் செவியை அடைத்தேன். என் "எங்கே இருந்தாய்?" என்பதும் வினா வடிவினதே, ஆயின் பவணந்தியாரின் ஆறு வகையுள் எதிலும் அதற்கு இடமில்லை.

ஆகவே, மாணாக்கர்களே, கேளுங்கள், கேட்குமுன் முயலுங்கள், முயன்றதைக் கூறிக் கேளுங்கள். விடைபெற்றபின் அது பயன்பட்டதா இல்லையா என்பதை விடைதந்தவர்க்கு அறிவியுங்கள். பின் அவ்வழியே வருவோர்க்கு அது விளக்காகும். நீங்கள் இன்று பெற்ற விடையை நாளை வேறொருவருக்கு உரையுங்கள். எஞ்சிய அரைக்கூறு அங்கேதான் உளது. ஆசிரியர்களே, பழைய மாணவர்களே, நம்மை நோக்கி வரும் வினா எத்துணைச் செப்பமற்றதாயினும் அதன்பின் ஒரு மாணாக்கனின் துணிவு நிற்கின்றது என்பதை மறவாதிருப்போமாக. வினாவைத் திருத்தலாம்; வினாவியவனது துணிவை ஒருமுறை முறித்துவிட்டால் மீண்டும் பொருத்துதல் அரிது.