டேட்டா இருக்கிறது, கேம் ஏன் நிற்கிறது?

இஷாவுக்குப் பிறகு நம் பகுதி வீடுகள் பலவற்றில் "லேக் அடிக்குது!" என்ற குரல் கேட்கும். விளையாடுவது தம்பியாகவும் இருக்கலாம், நானாவாகவும் இருக்கலாம், நம் கல்லூரித் தோழியாகவும் இருக்கலாம். உடனே வாப்பா கேட்பார்: "யூடியூப் நல்லாத்தானே ஓடுது, ஒன்ட கேம் மட்டும் எப்பிடி நிக்கும்?"

இது நியாயமான கேள்வி. இதற்குச் சரியான பதில் தெரியாததால்தான் பல வீடுகளில் பெரிய பெக்கேஜுக்கு மாறுகிறார்கள். மாதாந்தக் கட்டணம் கூடுகிறது, ஆனால் லேக் அப்படியே இருக்கிறது.

காரணத்தைச் சாகாமக் குளத்து நீரை வைத்தே விளங்கிக்கொள்ளலாம். மதகைத் திறந்தால் குளத்தடி வயலுக்குத் தண்ணீர் உடனே வந்துவிடும். கடைக்கோடி வயலுக்கு வந்து சேர நேரமெடுக்கும். வாய்க்காலை அகலமாக்கினால் ஒரே நேரத்தில் கூடுதல் தண்ணீர் ஓடும், ஆனால் வாய்க்காலின் நீளம் குறையாது. இணையத்திலும் இவ்விரண்டும் வேறு வேறானவை. அகலத்தைப் பட்டையகலம் என்கிறோம். பெக்கேஜ் விளம்பரங்களில் வரும் 'எம்பிபிஎஸ்' அதைத்தான் குறிக்கிறது. ஒரு தகவல் போய்த் திரும்ப எடுக்கும் நேரம் தாமதம். கேமுக்கு முக்கியமானது தாமதமே.

யூடியூப் அடுத்து வரவேண்டிய பகுதியை முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொள்கிறது. இணைப்பு சில செக்கன்கள் தடுமாறினாலும் சேமிப்பில் இருப்பது ஓடும், நமக்குத் தெரியாது. கேமில் அப்படிச் சேமிக்க முடியாது, ஏனெனில் எதிராளி அடுத்து என்ன செய்வார் என்பது இன்னும் நடக்கவேயில்லை. ஒவ்வொரு அசைவும் சிறு பொதியாகச் சேவையகத்துக்குப் போய் வரவேண்டும். ஒரு பொதி பிந்தினால் ஓடியவர் பின்னுக்கு இழுக்கப்படுவார், சுட்ட குண்டு படாது. ஸூம் வகுப்பும் இதே வகைதான். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரைப்படி, பேச்சு ஒரு பக்கமாகப் போய்ச்சேர 150 மில்லிசெக்கனுக்கு மேல் எடுக்காமலிருப்பது நல்லது. அதற்கு மேல் போகப் போக ஒருவர் பேச்சில் மற்றவர் குறுக்கிடத் தொடங்குவர். ஆகவே இது கேம் ஆடுவோரின் பிரச்சினை மட்டுமல்ல, நேரலையில் படிப்போரின் பிரச்சினையும்தான்.

தாமதத்தில் ஒரு பகுதியை யாராலும் நீக்க முடியாது. வெற்றிடத்தில் ஒளியின் கதி செக்கனுக்கு சுமார் 300,000 கிலோமீற்றர். கண்ணாடி நாரின் முறிவுச் சுட்டி ஏறக்குறைய 1.5 என்பதால் நாருக்குள் அது சுமார் 200,000 கிலோமீற்றராகக் குறைகிறது. ஆசியாவுக்கான கேம் சேவையகங்கள் பல சிங்கப்பூரில் உள்ளன. கொழும்பிலிருந்து சிங்கப்பூர் நேர்கோட்டில் சுமார் 2,700 கிலோமீற்றர். போய்வர 5,400. வகுத்துப் பார்த்தால் 27 மில்லிசெக்கன் வரும். எவ்வளவு பணம் கட்டினாலும் இதற்குக் கீழே போக முடியாது. நம் கண்ணெதிரே வங்காள விரிகுடா இருந்தாலும், வெளிநாட்டுக் கடலடி வடங்கள் கரையேறுவது கொழும்பு, கல்கிசை, மாத்தறை ஆகிய மறுபக்கக் கரைகளில்தான். நம் பொதிகள் முதலில் நாட்டைக் குறுக்கே கடந்தாக வேண்டும். எனவே அம்பாறைக் கரையில் இருப்பவருக்கு இன்னும் சில மில்லிசெக்கன்கள் கூடும்.

மீதித் தாமதம் எங்கே உண்டாகிறது என்று கண்டுபிடிக்கலாம். அதற்கான கருவி 'பிங்'. 1983இல் மைக் மூஸ் என்ற அமெரிக்கர் இந்த நிரலை எழுதினார். நீருக்குள் ஒலியனுப்பி எதிரொலியைக் கேட்கும் சோனாரின் ஓசையையே அதற்குப் பெயராக வைத்தார். நம் ஆழ்கடல் படகுகளில் மீன்கூட்டத்தைக் காட்டும் கருவியும் இதே முறையில்தான் வேலை செய்கிறது. சோதனையை இந்த வரிசையில் செய்யுங்கள்.

முதலாவது, குற்றம் இணையத்திலா, கைத்தொலைபேசியிலா என்று பாருங்கள். கேமின் மூலையில் தெரியும் பிங் எண் சீராக இருந்தும் படம் திக்கித் திக்கி ஓடினால் தொலைபேசி சூடாகியிருக்கிறது, அல்லது அதன் நினைவகம் நிரம்பியிருக்கிறது. படத்தின் தரத்தைக் குறைத்தால் சரியாகும்.

இரண்டாவது, கணினியிலிருந்து ரவுட்டருக்கே பிங் அனுப்புங்கள். அதன் முகவரி பெரும்பாலும் ரவுட்டரின் அடியில் ஒட்டப்பட்டிருக்கும். பதில் சில மில்லிசெக்கன்களில் சீராக வரவேண்டும். ஒருமுறை 3, மறுமுறை 180 என்று தாவினால் கோளாறு வீட்டு வைஃபையில்தான். இடையில் சுவர்கள் அதிகமிருக்கலாம். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலையில் பக்கத்து வீட்டு ரவுட்டர்களும் நெருக்கலாம், மைக்ரோவேவ் அடுப்பும் குறுக்கிடலாம். 5 கிகாஹேர்ட்ஸுக்கு மாறுங்கள், அல்லது வயரால் இணையுங்கள்.

மூன்றாவது, வீட்டிலுள்ள மற்ற எல்லாச் சாதனங்களையும் வைஃபையிலிருந்து நீக்கிவிட்டுப் பாருங்கள். பிங் உடனே இறங்கினால் காரணம் வீட்டுக்குள்ளேதான். ஒருவருடைய தொலைபேசி படங்களைக் கூகுளுக்கு ஏற்றிக்கொண்டிருக்கும், இன்னொன்று புதுப்பிப்பை இறக்கிக்கொண்டிருக்கும். வயலில் தண்ணீர்ப் பங்கீட்டுக்கு வட்டவிதானை இருப்பதுபோல் ரவுட்டருக்கும் ஒருவர் தேவை. பல ரவுட்டர்களில் 'கியூஓஎஸ்' என்ற அமைப்பு அந்த வேலையைச் செய்யும். இல்லாவிட்டால் வீட்டார் பேசி நேரம் ஒதுக்கிக்கொள்ளலாம்.

நான்காவது, வெளியே பிங் அனுப்புங்கள். ரவுட்டருக்கான பதில் சீராக இருந்து, வெளியிலிருந்து வரும் பதில் மட்டும் மோசமாக இருந்தால் கோளாறு நிறுவனத்தின் பக்கம். 4ஜி ரவுட்டர் என்றால் அதே சோதனையைச் சுபஹுக்குப் பின்னும் செய்யுங்கள். அதிகாலையில் 60, இரவு ஒன்பது மணிக்கு 250 என்றால் டவரில் நெரிசல். சிக்னல் கோடுகள் நிறைந்திருந்தாலும் நெரிசல் இருக்கலாம். ஒரே டவரை ஊரே பங்கிடுகிறது. ரவுட்டரை டவர் இருக்கும் பக்கத்து யன்னலருகே வைத்தால் சிக்னல் கூடும், ஆனால் நெரிசல் தீராது.

ஐந்தாவது, ஒரு கேம் மட்டும் தடுமாறினால் அதன் அமைப்பில் எந்தப் பிராந்தியச் சேவையகம் தெரிவாகியிருக்கிறது என்று பாருங்கள். ஐரோப்பா என்றிருந்தால் ஆசியாவுக்கு மாற்றுங்கள்.

"லேக்கைப் போக்கும்" என்று வரும் செயலிகளில் கவனமாயிருங்கள். எந்தச் செயலியாலும் கடலைச் சுருக்க முடியாது. ஆனால் அவற்றில் பல நம் தொடர்புப் பட்டியலையும் படங்களையும் பார்க்க அனுமதி கேட்கும். டிஎன்எஸ் மாற்றும்படியும் சிலர் சொல்வார்கள். சேவையகத்தின் முகவரியைத் தேடித் தருவதோடு டிஎன்எஸ்ஸின் வேலை முடிந்துவிடுகிறது. அதன் பிறகு நடக்கும் ஆட்டத்தின் பிங்கை அது குறைக்காது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பெக்கேஜை மாற்றுமுன் மூன்று நாட்களுக்கு ஒரு கொப்பியில் நேரம், ரவுட்டரின் பிங், வெளிப் பிங் ஆகிய மூன்றையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டாவது நிரல் மோசமென்றால் ரவுட்டரின் இடத்தை மாற்றினாலே போதுமாயிருக்கலாம். மூன்றாவது நிரல் மோசமென்றால் அந்தக் கொப்பியைப் பார்த்தே நிறுவனத்துக்கு முறையிடலாம். "இணையம் வேலை செய்யவில்லை" என்பதைவிட "மூன்று இரவுகள் ஒன்பது மணிக்கு 250" என்பதற்குப் பதில் சொல்வது அவர்களுக்கும் இலகு.

தோழியரே, தம்பிமாருக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள். ராத்தாவுக்கு ஸூம் வகுப்பு நடக்கும் ஒரு மணி நேரத்துக்குப் பதிவிறக்கங்களை நிறுத்திவைப்பதும், தம்பியின் ஆட்டம் நடக்கையில் ராத்தா படங்களை ஏற்றாமலிருப்பதும் ஐந்து சதம் செலவில்லாத திருத்தங்கள்.