எண்டோபிளாச வலையின் சவ்வுப் புரதங்களும் புரதத் தரக்கட்டுப்பாடும்

செல்லைவிட்டு வெளியேற வேண்டிய புரதங்களும் செல்சவ்வில் பதிய வேண்டிய புரதங்களும் பெரும்பாலும் எண்டோபிளாச வலையில் மடிந்தே உரிய வடிவம் பெறுகின்றன. பிழையாக மடிந்தவை அங்கேயே நிறுத்தப்படுகின்றன. ஆயின், அவற்றைச் சிதைக்கும் புரோட்டியசோம் வலைக்குள் இல்லை, சைட்டோபிளாசத்தில் உள்ளது. இடையில் நிற்பது சவ்வு. தரக்கட்டுப்பாட்டில் சவ்வுப் புரதங்கள் இன்றியமையாதன ஆவதற்கு இதுவே அடிப்படை.

ஈஸ்ட்டில் இத்தடையைக் கடக்க உதவுவது எச்.ஆர்.டி.1 என்னும் சவ்வுப் புரதம். பிழைபட்ட சங்கிலி வெளியேறும் வழியாகவும், அதன்மீது யூபிக்விட்டின் குறியை இணைக்கும் நொதியாகவும் இது ஒருங்கே செயற்படுகிறது. குறியிடப்பட்ட சங்கிலியைச் சி.டி.சி.48 என்னும் புரதம் ஏ.டி.பி. ஆற்றலைக் கொண்டு வெளியே இழுக்க, புரோட்டியசோம் அதனைச் சிதைக்கிறது.

பிழைகள் மிகும்போது அச்செய்தி உட்கருவை எட்ட வேண்டும். இதற்குரிய ஐ.ஆர்.இ.1 என்னும் சவ்வுப் புரதத்தைப் பீட்டர் வால்டர், கசுதோஷி மோரி ஆகியோரின் ஆய்வுகள் 1993இல் இனங்காட்டின. இதன் ஒரு முனை வலைக்குள் பிழைபட்ட புரதங்களை உணர்கிறது. மறுமுனை சைட்டோபிளாசத்தில் எச்.ஏ.சி.1 தூது ஆர்.என்.ஏ.விலிருந்து 252 நியூக்ளியோடைடுகளை வெட்டி நீக்குகிறது. அதன்பின் உருவாகும் புரதம், மடிப்புக்கு உதவும் புரதங்களுக்கான மரபணுக்களைத் தூண்டுகிறது. எச்.ஆர்.டி.1 மரபணுவும் இதனால் தூண்டப்படுகிறது என்பது கருதத்தக்கது.

இக்கண்காணிப்பு எந்நிலையிலும் உடலுக்கு நன்மையே பயக்கும் எனக் கொள்வது பொருந்தாது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயில் இதனைத் தெளிவாகக் காணலாம். சி.எஃப்.டி.ஆர். என்பது 1480 அமினோ அமிலங்களாலான குளோரைடு கால்வாய். இதுவும் ஒரு சவ்வுப் புரதமே. இதன் 508ஆம் இடத்திலுள்ள ஃபீனைல் அலனின் நீங்குவதே இந்நோயில் மிகுதியாகக் காணப்படும் மரபுப்பிழை. பிழைபட்ட இப்புரதம் செல்சவ்வை அடைந்தால் ஓரளவு இயங்கும். ஆயினும் ஆர்.எம்.ஏ.1 முதலிய சவ்வுசார் நொதிகள் அதனைக் குறியிட்டுச் சிதைவுக்கு அனுப்பிவிடுகின்றன. பயன்படக்கூடிய புரதம் இவ்வாறு வீணாகிறது.

அவ்வாறாயின் சிதைவைத் தடுத்தால் போதாதா என்னும் வினா எழுகிறது. புரோட்டியசோமைத் தடுத்து 1998இல் நிகழ்த்தப்பட்ட ஆய்வில், சி.எஃப்.டி.ஆர். செல்சவ்வை அடையாமல் செல்லுக்குள்ளேயே திரண்டு குவிந்தது. எனவே மருந்தாய்வு சிதைவைத் தடுப்பதைவிட மடிப்பைத் திருத்துவதையே நாடியது. 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற கூட்டுமருந்தில் எலெக்சாகாஃப்டர், டெசாகாஃப்டர் ஆகியன மடிப்புக்குத் துணைசெய்கின்றன. ஐவாகாஃப்டர், செல்சவ்வை அடைந்த கால்வாய் திறந்திருக்க உதவுகிறது.