வராத விருந்தாளிக்கு ஓர் இலை

பந்தியில் இன்னும் வந்து சேராதவருக்கும் ஓர் இலை போட்டு இடம் பிடித்து வைப்பீர்கள் அல்லவா? ருஷ்ய ரசாயனப் பேராசிரியர் மெண்டலீவ் 1869-இல் அதைத்தான் செய்தார். அன்று தெரிந்திருந்த 63 மூலகங்களை அணு எடைப்படி வரிசையாக்கி, ஒத்த குணமுள்ளவற்றைக் குடும்பம் குடும்பமாக உட்கார்த்தினார். சில இலைகளுக்கு ஆள் இல்லை. காலியாகவே விட்டுவிட்டார்!

அலுமினியக் குடும்பத்தின் காலி இலைக்கு, நம் சம்ஸ்கிருத 'ஏக'த்தைச் சேர்த்து 'ஏக அலுமினியம்' என்று பெயரிட்டார். தண்ணீரைப்போல் ஏறக்குறைய ஆறு மடங்கு கனமிருக்கும் என்று 1871-இல் ஜாதகமும் கணித்தார்.

1875-இல் புவாபோட்ரான் அந்த உலோகத்தைக் கண்டுபிடித்து, 'காலியம்' என்றார். (காலி இடத்துக்குக் காலியம்! அவர் நினைத்ததோ பிரான்சின் பழம்பெயரான 'காலியா'வை.) கனம் 4.7 மடங்கு என்றார். "தவறு, 5.9 இருக்க வேண்டும்; இன்னும் சுத்தம் செய்து பாருங்கள்" என்று மெண்டலீவ் தெரிவித்தார். கண்ணால் காணாதவர், கையில் வைத்திருப்பவரைத் திருத்துவதா! சுத்தம் செய்து பார்த்தார்கள். 5.9 தான்.

காரணம் பிற்பாடுதான் விளங்கிற்று. அலுமினிய அணுவில் 13 எலெக்ட்ரான்கள், காலியத்தில் 31. ஆனால் இரண்டுக்கும் வெளிச்சுற்றில் மூன்றே மூன்று. குணம் ஒத்துப்போகக் கேட்பானேன்!

காலியம் 30 டிகிரி சூட்டுக்குள்ளேயே இளகிவிடும். உள்ளங்கையில் வைத்தால் வெண்ணெய்தான்!