சிங்கம் கர்ஜித்தால் தியானம் கலையுமா?

திருவனந்தபுரத்துக்குக் கிழக்கே நெய்யாறு அணை. அங்கே சுவாமி விஷ்ணுதேவானந்தா 1978-இல் தொடங்கிய சிவானந்த ஆசிரமத்தில் காலை 6 மணிக்கே தியானம். அமைதி தேடிக் கடல் தாண்டி வந்தவர்களும் சம்மணமிட்டுக் கண்ணை மூடுவார்கள். அருகிலேயே வனத்துறையின் சிங்கப் பூங்கா பல ஆண்டுகள் இருந்தது. மூச்சில் மனம் நிற்கப்போகும் நேரம் பார்த்து, நீருக்கு அப்பாலிருந்து ஒரு கர்ஜனை வரும்!

நகரத்துக்குள் உட்காருகிறவருக்குச் சிங்கம் இல்லை. மிக்சி, பேருந்து ஹாரன், கோயில் ஒலிபெருக்கி, தாழப் பறக்கும் விமானம் எல்லாம் உண்டு. விமானமாவது ஆண்டுக்கு இரண்டு முறை ஓயும். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயிலின் ஆராட்டு (புனித நீராட்டு) ஊர்வலம் ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. சில மணி நேரம் விமான நிலையமே மூடியிருக்கும். அதுவரை தியானத்தைத் தள்ளிப்போடவா முடியும்?

சரி, முழு நிசப்தமே கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 1953-இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இரு ஆய்வாளர்கள் நல்ல செவித்திறன் உள்ள 80 பேரை ஒலி புகாத அறையில் உட்காரவைத்தார்கள். பெரும்பாலோர் ரீங்காரம், இரைச்சல் என்று ஏதோ ஒன்றைக் கேட்டார்கள். வெளியே சத்தம் இல்லாதபோதும் செவி நரம்புகள் சும்மா இருப்பதில்லை. அந்தச் சலசலப்பே சத்தமாகக் கேட்கிறது.

உண்மையில் மூளைக்குச் சத்தம் தொல்லையல்ல, மாற்றம்தான் தொல்லை. மின்விசிறி ஓடுவதை யாரும் கவனிப்பதில்லை. கரண்ட் போய் அது நின்றதும் திரும்பிப் பார்க்கிறோம். சீராக வரும் ஒலியை மூளை சிறிது நேரத்தில் கழித்துக்கட்டிவிடும். திடீர் ஒலியை விடாது, ஆபத்தாக இருக்கலாம் அல்லவா? பேச்சையும் விடாது. 1959-இல் மோரே என்ற ஆய்வாளர் செய்த சோதனையில், ஒரு காதில் வந்த பேச்சிலேயே கவனமாக இருந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர், மறு காதில் தங்கள் பெயர் வந்ததும் பிடித்துக்கொண்டார்கள். பக்கத்து வீட்டு மலையாள சீரியல் தமிழருக்குப் பாதி புரியும். மீதிப் பாதியைப் புரிந்துகொள்ளத்தான் மனம் ஓடுகிறது!

பயிற்சி இதை மாற்றுமா? 1961-இல் டெல்லி எய்ம்ஸில் பி. கே. ஆனந்த் குழுவினர் யோகிகளின் மூளை அலைகளைப் பதிவு செய்தார்கள். சாதாரண நேரத்தில் ஒளியும் பலத்த சத்தமும் அவர்களுடைய ஆல்பா அலைகளைக் கலைத்தன, தியானத்தில் கலைக்கவில்லை. 1966-இல் ஜப்பானில் கசமட்சு, ஹிராய் கண்டது இதற்கு நேர்மாறு. ஒரே ‘டிக்’ ஒலி திரும்பத் திரும்ப வந்தும், ஜென் துறவிகளின் மூளை ஒவ்வொன்றையும் முதல்முறை கேட்பதுபோலவே எதிர்கொண்டது. இரண்டிலும் ஆட்கள் குறைவு. 1981-இல் பெக்கர், ஷபிரோ ஒப்பிட்டுப் பார்த்தபோது தியானிகளுக்கும் மற்றவர்களுக்கும் அப்படியொரு வேறுபாடு தெரியவில்லை. ஆகவே, பழகினால் காது அடைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

சத்தத்தை விட்டு விலகிப் போவதும் ஒரு வழிதான். கேரளத்துத் துறவி நாராயண குரு தவத்துக்கு மருந்துவாழ்மலைக் குகைக்குப் போனார். அவருக்கு யோகம் கற்பித்த தைக்காடு அய்யாவோ தமிழர், குடும்பஸ்தர். திருவனந்தபுரத்தில் பிரிட்டிஷ் ரெசிடென்சியில் வேலை பார்த்தவர். குகை வாய்க்காதவர்கள் அய்யாவின் கட்சியில் சேர்ந்துகொள்ளலாம்.

புதிதாகத் தொடங்குகிறீர்களா? பேச்சுக் குரல் எட்டாத மூலையாகப் பாருங்கள். போனை அடுத்த அறையில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்தாதீர்கள், ஓடட்டும்.