‘பசுமை’ சிமெண்ட்: மூட்டையில் எழுதப்படாத கணக்கு

பெரம்பலூரிலோ அரியலூரிலோ வீடு கட்டுவதற்குச் சிமெண்ட் வாங்கச் செல்பவர், ‘பசுமை’, ‘சூழலுக்கு உகந்தது’, ‘குறைந்த கரிமம்’ போன்ற சொற்களை இன்று விளம்பரங்களில் காண்கிறார். இச்சொற்கள் எதை அளக்கின்றன, எதை அளக்காமல் விடுகின்றன என்பதைச் சுண்ணாம்புக்கல் வெட்டப்படும் இம்மண்ணில் நின்று கேட்பதே பொருத்தம்.

சொல்லுக்குப் பின்னுள்ள அறிவியல்

சுண்ணாம்புக்கல்லைச் சூளையில் சுமார் 1,450 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டுக் கிளிங்கர் தயாரிக்கிறார்கள். அப்போது எரிபொருளிலிருந்து மட்டுமன்றி, கல்லிலிருந்தே கரியமில வாயு வெளியேறுகிறது. உலகின் கரியமில வாயு உமிழ்வில் ஏறத்தாழ 7 முதல் 8 விழுக்காடு சிமெண்ட் தொழிலைச் சார்ந்தது.

கிளிங்கரின் ஒரு பகுதிக்கு மாற்றாக அனல்மின் நிலையச் சாம்பலைக் கலந்தால் உமிழ்வு குறையும். ஐ.எஸ். 1489 தரவிதிப்படி, பி.பி.சி. வகைச் சிமெண்டில் 15 முதல் 35 விழுக்காடு வரை சாம்பல் இருக்கலாம். ஆகவே ‘பசுமை’ என்பது முழுப் பொய்யன்று. ஆனால், பல்லாண்டுகளாகச் சாதாரணமாக விற்பனையாகும் இவ்வகைக்கே புதிய பெயர் சூட்டப்படவும் கூடும். மூட்டையில் வகையும் ஐ.எஸ். எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும், விளம்பரச் சொல்லுக்கு முன் அவற்றைப் படிக்க வேண்டும்.

அளக்கப்படாதவை

குறைந்த கரிமம் என்பது சூளையின் கணக்கு. சுரங்கத்தின் ஆழம், கிணற்றின் நீர்மட்டம், லாரிச் சாலையோரக் குடியிருப்பில் படியும் தூசி, ஒப்பந்தத் தொழிலாளரின் நுரையீரல் ஆகியவை அதில் இல்லை.

நிலக் கணக்கும் இல்லை. 2011 கணக்கெடுப்பின்படி பட்டியல் சாதியினர் பெரம்பலூரில் சுமார் 31 விழுக்காடு, அரியலூரில் சுமார் 23 விழுக்காடு. மாநிலச் சராசரி 20. இவர்களுள் பெரும்பகுதியினர் பிறர் நிலத்தில் கூலி வேலை செய்து வாழ்ந்தவர்கள். 1894ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம் நிலத்தில் உரிமை உடையவருக்கே இழப்பீடு அளித்தது. வயல் போனதால் வேலை இழந்த கூலிக்கு எதுவுமில்லை. மூன்றாண்டுகள் அப்பகுதியில் வேலை செய்த வேளாண் தொழிலாளர் குடும்பத்தையும் ‘பாதிக்கப்பட்ட குடும்பம்’ என ஏற்றது 2013ஆம் ஆண்டின் சட்டமே. அதற்கு முன்பே தோண்டப்பட்ட குழிகளுக்கு இந்த அங்கீகாரம் தாமதமாக வந்தது.

சட்டம் தரும் பிடி

மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் பசுமைப் பூச்சுக்கு எதிரான வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ‘பசுமை’, ‘தூய’, ‘நிலைத்த’ போன்ற பொதுச்சொற்களை உரிய விளக்கமும் சான்றும் இன்றிப் பயன்படுத்தக் கூடாது. அக்கூற்று முழுப் பொருளுக்கா, ஒரு பகுதிக்கா, உற்பத்தி முறைக்கா, உறைக்கா என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பெயிண்ட், தரை துடைக்கும் திரவம், ‘மக்கும்’ பை ஆகியவற்றுக்கும் இதே விதி பொருந்தும். மீறினால் 1915 என்னும் தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் அளிக்கலாம்.

ஆயினும் இவ்விதிகள் சுற்றுச்சூழலைப் பற்றியே பேசுகின்றன. சாதியையும் உழைப்பையும் பற்றிக் கேட்பதில்லை. அக்கேள்விகளுக்கு வேறு வாயில்கள் உண்டு. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, சுற்றுச்சூழல் அனுமதி பெற்ற நிறுவனம் ஆறு மாதத்திற்கு ஒருமுறை அளிக்கும் இணக்க அறிக்கை பொது ஆவணம். 2015ஆம் ஆண்டின் கனிமச் சட்டத் திருத்தத்தால் உருவான மாவட்டக் கனிம நிதி, சுரங்கத்தால் பாதிக்கப்பட்டோருக்கானது. அந்நிதியில் எவ்வளவு தலித் குடியிருப்புகளின் குடிநீருக்கும் மருத்துவத்திற்கும் செலவிடப்பட்டது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஊர்வாரியாகக் கேட்கலாம்.

கல்லூரி மாணவர்கள் இவ்வேலையைத் தொடங்குவதற்கு ஒரு மூட்டையும் ஒரு மனுவும் போதும். மூட்டையில் சொல்லப்பட்டதற்கு நிறுவனத்திடம் சான்று கேட்க வேண்டும். சொல்லப்படாததற்கு மாவட்ட நிர்வாகத்திடம் கணக்குக் கேட்க வேண்டும்.